வெஸ்பாசியன் குடும்பமும் உரோமப் பேரரசின் வர்க்க மாற்றமும்

கி.பி. 69 இல் உரோமப் பேரரசை நால்வர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். இறுதியில் வென்று நிலைத்த வெஸ்பாசியனை, எளிமையும் சிக்கனமும் வாய்ந்த நல்லரசனாகச் சித்திரிப்பது வரலாற்று நூல்களின் நெடுநாள் மரபு. தனிமனிதப் பண்பினைக் கொண்டு வரலாற்றை விளக்கும் இம்மரபினை ஒருபுறம் வைத்து, அவனது குடும்பம் எவ்வாறு பொருளீட்டியது என வினவுதலே பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

இவ்வகையில் சுவெற்றோனியஸ் தரும் செய்திகள் பெறுமதி மிக்கவை. வெஸ்பாசியனின் பாட்டன் பெற்றோ, சபைன் நாட்டு ரெயாற்றே நகரத்தவன், கி.மு. 48 இல் பார்சாலஸ் போரிலே பொம்பேயின் பக்கம் நின்று, களத்தை விட்டோடியவன். மன்னிப்புப் பெற்றபின் ஏலங்களிற் பணம் அறவிடுபவனானான். தந்தை சபைனஸ் ஆசிய மாகாணத்தில் நாற்பதில் ஒரு பங்கு சுங்கவரி தண்டினான். பின்னர் ஹெல்வேற்றியரிடையே வட்டித்தொழில் நடத்தி அங்கேயே இறந்தான். நேர்மையான வரி தண்டுவோன் என ஆசிய நகரங்கள் அவனுக்குச் சிலையெடுத்தனவாம். (அந்நேர்மை சிலையெடுக்குமளவுக்கு அரிதாயிருந்தது என்பதே நாம் இதிலிருந்து பெறும் செய்தி.) 68 இல் நீரோவுடன் பழைய உயர்குடி மரபு அற்றுப்போக, மாகாணச் சுரண்டலில் வளர்ந்த இத்தாலியச் சிறுநகரச் சொத்துடைமையாளரில் ஒருவன் படைபலத்தால் அரியணை ஏறினான். இம்மாற்றம் ஆளும் வர்க்கத்தை விரிவுபடுத்தியதேயன்றி அடிமைமுறையைத் தொடவில்லை.

வெஸ்பாசியனின் இல்லத்திலேயே இதற்குச் சான்றுண்டு. மனைவி டொமிற்றிலா இறந்தபின் அவன் உடன்வாழ்ந்த கேனிஸ், முன்னர் அன்ரோனியா என்னும் அரசகுலப் பெண்ணின் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவள்; அவளுக்கு எழுத்துப்பணி புரிந்தவள். செனற்றர்கள் விடுதலை பெற்ற பெண்களை மணத்தலை ஓகஸ்ரசின் சட்டம் கி.மு. 18 முதல் தடுத்திருந்தது. பேரரசனான பின்னரும் அவளை மனைவிபோல நடத்தினான், மனைவியாக்கவில்லை. பயணத்திலிருந்து மீண்ட அவள் வழமைபோல முத்தமிட வந்தபோது, இளைய மகன் டொமிஷியன் கையை மட்டும் நீட்டினானாம். சட்டம் சொல்லாததை அக்கை சொல்லிற்று.

பெருந்தூண்களைக் குறைந்த செலவில் ஏற்றிச்செல்லும் வழியொன்றைப் பொறியியலாளர் ஒருவர் கூறியபோது, பரிசளித்தும் அதனை ஏற்க மறுத்த பேரரசன், நகர ஏழைகளுக்கு உணவளிக்கத் தன்னை விடவேண்டும் என்றான். இதனை அவனது கருணைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். மலிவான மனித உழைப்பு தொழில்நுட்பத்தைத் தேவையற்றதாக்கிய சமூகத்தையும் இக்கதை காட்டுகின்றது.

அவன் தொடங்கி, மூத்த மகன் ரைற்றஸ் 80 இல் திறந்துவைத்த கொலோசியம் யூதப் போரின் கொள்ளைப் பொருளாற் கட்டப்பட்டதெனக் கல்வெட்டாய்வாளர் கொள்வர். அப்போரிற் சிறைப்பட்டோர் 97,000 பேர் என்கிறார் யோசேப்பஸ். அவர் இக்குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தவர். ஆகவே அவர் மறைக்காதவற்றை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். எருசலேமிற் பிடிபட்டோரிற் பதினேழு வயதுக்கு மேற்பட்ட பலர் விலங்கிடப்பட்டு எகிப்துக்கு வேலைசெய்ய அனுப்பப்பட்டனர். வேறு பலர் மாகாண அரங்குகளில் வாளுக்கும் விலங்குகளுக்கும் இரையாக்கப்பட்டனர். பதினேழு வயதுக்குட்பட்டோர் விற்கப்பட்டனர்.