கழித்துப் போட்ட பீடியே சாட்சி: பீடித் தொழிலாளர் சங்கங்கள் கடந்துவந்த பாதை, தென்காசி வட்டாரத்திலிருந்து

சிவகிரிக்கு வடக்கே ராஜபாளையம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து பார்த்தால், அந்த ஊரின் தொழிற்சங்க வரலாற்றை ஆலை வாசலில் நின்றே எழுதிவிடலாம். தெற்கே புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, ஆலங்குளம், கடையம் என்று இறங்கினால் நிலைமை வேறு. சுளகை மடியில் வைத்துத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களுக்குச் சங்கு ஊதும் ஆலையும் இல்லை, கூடி நிற்க வாசலும் இல்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களை வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் திரட்டியபோது, எதிரே நிற்கும் முதலாளி யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பீடித் தொழிலில் அந்த ஒன்றை நிறுவவே சங்கங்களுக்கு அரை நூற்றாண்டு ஆனது. உறுப்பினர்களுக்கு அவை பெற்றுத்தந்த வைப்பு நிதி, ஓய்வூதியம், மருத்துவம், கல்வி உதவி எல்லாம் முதலாளி யார் என்ற இந்த வழக்காடலின் கிளைகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் இது திண்ணைத் தொழில் அல்ல, கொட்டகைத் தொழில். தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் சென்னை மாகாணத்துப் பீடிக் கொட்டகைகளைப் பார்த்தது. ஐந்து வயதுக் குழந்தைகள்கூட நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்ததை அதன் அறிக்கை பதிவுசெய்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தைத் தடுக்க 1933இல் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பீடித் தொழிலையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. சென்னை மாநிலம் 1958இல் பீடிக் கொட்டகைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

சட்டம் கொட்டகையைத் தேடி வந்தால், கொட்டகை கலைந்து வீடுகளுக்குள் போய்விடும். ஒரு மாநிலம் கெடுபிடி காட்டினால் தொழில் பக்கத்து மாநிலத்துக்கு நகர்ந்துவிடும். நிறுவனத்துக்கும் சுற்றுபவருக்கும் நடுவே ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்வார். 'இவர் என் தொழிலாளி அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள்' என்பது நிறுவனத்தின் பதில். ஒப்பந்தக்காரரோ பல நேரங்களில் சுற்றுபவரைவிடச் சற்றே வசதியானவர், அவ்வளவுதான்.

இந்தத் திரையை முதலில் கிழித்ததில் தமிழ்நாட்டுச் சங்கம் ஒன்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. சேலத்தின் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கம் நடத்திய வழக்கு தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று ஏறி உச்ச நீதிமன்றம் வரை போனது. இலையும் தூளும் யாருடையவை, விலையை யார் வைக்கிறார், சுற்றிய பீடி யாரிடம் போய்ச் சேர்கிறது என்று நீதிமன்றம் ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஒப்பந்தக்காரர் எனப்பட்டவர்கள் நிறுவனத்தின் முகவர்களே என்றும், சுற்றுபவர்கள் நிறுவனத்தின் தொழிலாளர்களே என்றும் 1964இல் தீர்ப்பளித்தது. வரலாற்று நூல்கள் இந்த வழக்கைப் பெரிதாகப் பேசுவதில்லை. என் கணிப்பில், பல வேலைநிறுத்தங்களைவிட அதிகம் சாதித்த வழக்கு இது.

அடுத்து வந்தது 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வீட்டில் சுற்றுபவரையும் அது தொழிலாளி என்றே வரையறுத்தது. அதைக் கேரளம் நடைமுறைப்படுத்த முனைந்ததும் மங்களூர் கணேஷ் பீடி போன்ற நிறுவனங்கள் 1968இல் அங்கே கடையைக் கட்டின. சுமார் 12,000 பேர் வேலையிழந்தார்கள். அவர்களுக்காகக் கண்ணூரில் 1969இல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு பிறந்தது. இங்கே ஏன் ஒரு தினேஷ் பீடி உருவாகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணூரில் ஆண்கள் ஒரே கொட்டகையில் சேர்ந்து சுற்றினார்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். தென்காசிப் பக்கத்துப் பெண்கள் ஒன்றுகூடுவது பீடிக் கடை வாசலில் கொஞ்ச நேரந்தான், அதுவும் கட்டுகளைக் கொடுத்துவிட்டு மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கத்தான்.

அந்தக் கடையில் நடக்கும் ஒரு சங்கதிதான் பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது. கடைக்காரர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். வாய் சரியாக மடங்காதது, தூள் குறைந்தது, இலை கிழிந்தது என்று ஒதுக்குவார். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. இலை போதாமல் போனால் சொந்தக் காசில் வாங்கி ஈடுகட்ட வேண்டும். சுற்றுகிற பெண்கள் இதைப் போல் வேறெதையும் வெறுப்பதில்லை. வீட்டில் வேலை செய்பவரைக் கண்காணிக்கவே முடியாதே, அவர் எப்படி எங்கள் தொழிலாளி ஆவார் என்று வருங்கால வைப்பு நிதி வழக்கில் நிறுவனங்கள் வாதிட்டன. தரமில்லை என்று பீடியைக் கழிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, கண்காணிப்புக்கு அது போதும் என்றது உச்ச நீதிமன்றம், 1985இல், பி.எம். பட்டேல் வழக்கில். வீட்டிலிருந்து சுற்றுபவருக்கும் வைப்பு நிதி உண்டு என்பது அதோடு உறுதியானது. கூலியைத் தின்ற அதே அதிகாரம் பி.எஃப். கணக்கைத் திறந்துவைத்தது.

இதற்கு இணையாக 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. பீடி மீது தனி வரி வசூலித்து அதிலிருந்து மருத்துவமனை, கல்வி உதவித்தொகை, வீட்டுவசதி என்று செலவிடும் ஏற்பாடு அது. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனை அந்த வழியில் நடப்பது. நல நிதிப் பயன்களுக்கான அடையாள அட்டைக்கு இன்று நாடெங்கும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அட்டையை வாங்கித் தருவதும், ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். பதிவில் இன்னொரு பெயர் என்று கிடக்கும் பிழைகளைத் திருத்துவதும் சங்க அலுவலகங்களின் அன்றாட வேலை. கொடியும் கோஷமும் இல்லாத இந்த வேலையைச் சங்க வரலாறு எழுதுபவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பிறந்த தேதி பொருந்தாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். 2014 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய்தான் என்றாலும், கண் மங்கிச் சுளகை இறக்கி வைத்தவருக்கு அது பெரிது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்றிருந்த நல வரி ஒழிந்தது. அதுவரை தொழிலே தன் தொழிலாளிக்காகக் கட்டிவந்த பணம் அது. இப்போது நலத் திட்டங்கள் மத்திய அரசின் பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பியிருக்கின்றன. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், பீடி இலைக்கான வரியை 18லிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. வரிக்குறைப்பு தானாகக் கூலி உயர்வாக மாறிவிடாது. ஆயிரம் பீடிக்கான கூலியைச் சங்கங்கள் வழக்கம்போல் பேசித்தான் பெற வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் கரைந்துவிட்டது. புதிய தொழிலுறவுத் தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள இடத்தில் தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை, வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 சதவீதம் பேரின் ஆதரவைக் காட்டும் சங்கத்துக்கே. ஆலைக்கு இது எளிய கணக்கு. பாஸ் புக்கில் ஒருவர் பெயர், சுளகின் முன்னால் தாய், மகள், மருமகள் என்று மூவர் இருக்கும் வீடுகளில் எவரை எண்ணுவது, அந்தப் பதிவேட்டை எந்தக் கடையில் தேடுவது என்பதற்கு அந்தத் தொகுப்பில் விடை இல்லை.