ஏடும் மின்னேடும்

திருத்தங்கல் பண்டு தங்கால் எனப்பட்டது. வார்த்திகன் வரலாற்றாற் சிலப்பதிகாரத்துள் இடம்பெற்ற தொன்மூதூர். ஏட்டிலிருந்த அந்நூலை அரும்பதவுரை, அடியார்க்குநல்லாருரைகளுடன் உ. வே. சாமிநாதையரவர்கள் 1892-இல் அச்சேற்றினர்.

1998-இல் தோன்றிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னேடாக்கி விலையின்றி வழங்கலாயிற்று. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்துச் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுட் பலவற்றின் படிகள் மின்வடிவிற் கிடைக்கின்றன. ஆகமங்களை நாடி நெடுவழி செல்லுந் துன்பம் குறைந்தது.

எனினும், தங்கால் என்று தேடுவார்க்குச் சங்கப் புலவர் பெயர் தங்காற் பொற்கொல்லனார் எனப் புணர்ந்து நிற்குமிடம் தப்பும். லகரம் றகரமாகும் விதியறிந்தார்க்கே இருவடிவுந் தேடத் தோன்றும். ஆதலின், மின்னேடு பயில்வார்க்கும் இலக்கணக் கல்வியும் ஆசிரியர்பாற் பாடங்கேட்டலும் இன்றியமையாதன என்க.