பந்தயத் தரவு அறிவியலாளர்

பந்தயத் தரவு அறிவியலாளர் என்பவர் விளையாட்டுப் போட்டி முடிவுகளின் நிகழ்தகவுகளைப் புள்ளியியல் முறைகளால் கணித்துப் பந்தய நிறுவனங்களுக்கோ பந்தயம் கட்டும் குழுக்களுக்கோ வழங்குபவர் ஆவார். பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ள பிரித்தானியாவில் இது ஒரு முழுநேரத் தொழிலாகும். இக்கட்டுரை அங்குள்ள காற்பந்தாட்டப் பந்தயத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பந்தய விகிதம்

ஒரு போட்டியில் உள்ளூர் அணியின் வெற்றிக்கு 2.00, சமநிலைக்கு 3.40, எதிரணியின் வெற்றிக்கு 3.80 என விகிதங்கள் தரப்பட்டுள்ளதாகக் கொள்வோம். இவற்றின் தலைகீழிகளைக் கூட்டினால் 1.057 கிடைக்கும். நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1 ஆகவே இருக்க வேண்டும், மிகையான 0.057 நிறுவனம் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் இடைவெளியாகும். எனவே நாணயத்தைச் சுண்டிப் பந்தயம் கட்டுபவர் நீண்டகாலத்தில் இழப்பது உறுதி. இவ்விடைவெளியையும் தாண்டும் அளவுக்குத் துல்லியமாகக் கணிப்பதே பந்தயக் குழுவில் பணியாற்றுபவரின் வேலை.

கணிப்பு மாதிரிகள்

1982 இல் மாகர் என்பவர், ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் வலிமை, தற்காப்பு வலிமை என இரு அளவுகளைக் கொடுத்து, கோல்களின் எண்ணிக்கையைப் பாய்சான் பரவலால் விளக்கினார். எடுத்துக்காட்டாக, இரு அணிகளின் சராசரி கோல்கள் முறையே 1.5, 1.1 எனில், ஆட்டம் 0-0 என முடிவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 7.4% ஆகும். இக்கணக்கு இரு அணிகளும் ஒன்றையொன்று சாராமல் கோல் அடிப்பதாகக் கொள்கிறது. களத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை.

இங்கிலாந்தின் இலங்காசுட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் டிக்சன், இசுட்டூவர்ட் கோல்சு ஆகியோர் 1997 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இக்குறையைச் சீர்செய்தது. 0-0, 1-0, 0-1, 1-1 ஆகிய நான்கு முடிவுகளுக்கு மட்டும் ஒரு திருத்தக் காரணியைச் சேர்த்தனர். பழைய போட்டிகளின் எடை காலப்போக்கில் குறையுமாறும் அமைத்தனர். இன்றும் இத்துறைக்குள் நுழைபவர்கள் முதலில் நிரலாக்கிப் பார்ப்பது பெரும்பாலும் இம்மாதிரியைத்தான்.

கணிப்பு சரியாக இருந்தாலும் எவ்வளவு கட்டுவது என்பது வேறு கேள்வி. பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956 இல் தந்த வாய்பாட்டின்படி, 55% வெற்றி வாய்ப்புள்ள நிகழ்வுக்கு 2.00 விகிதம் கிடைத்தால் கைமுதலில் 10% கட்டலாம். கணித்த 55% உண்மையில் 50% ஆக இருந்துவிட்டால், இதே வாய்பாடு கைமுதலைக் கரைத்துவிடும். எனவே நடைமுறையில் பாதியோ அதனினும் குறைவாகவோ கட்டுவது வழக்கம்.

பந்தயத்திலிருந்து கழகங்களுக்கு

2004 இல் இசுமார்ட்டாட்சு நிறுவனத்தைத் தொடங்கிய மாத்யூ பென்காம் 2012 இல் பிரென்ட்ஃபோர்டு கழகத்தின் உரிமையாளரானார்; வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் தரவுகளைப் பயன்படுத்திய அக்கழகம் 2021 இல் பிரீமியர் லீக்கை எட்டியது.

பணியின் மறுபக்கம்

நிறுவனத்தின் பக்கம் பணியாற்றுபவரின் வேலை விகிதம் கணிப்பதோடு முடிவதில்லை. தொடர்ந்து வெல்லக்கூடிய வாடிக்கையாளரை அடையாளங்காணும் மாதிரியையும் அவர் உருவாக்க வேண்டியிருக்கும்; அவ்வாறு அடையாளங்காணப்பட்டவர் கட்டக்கூடிய தொகை சில பவுண்டுகளாகக் குறைக்கப்படுவதுண்டு. தோற்பவருக்கு இத்தகைய வரம்பு வணிக நோக்கில் தேவைப்படுவதில்லை. ஆயினும் நள்ளிரவுப் பந்தயம், இழந்ததை மீட்கத் தொகையை இரட்டிப்பாக்குதல், அடுத்தடுத்துப் பணம் செலுத்துதல் போன்ற சூதாட்ட அடிமைத்தனத்தின் அறிகுறிகளும் அதே தரவுகளிலேயே பதிவாகின்றன. 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சூதாட்ட ஆணையம், இவ்வறிகுறிகளைக் கண்காணித்துத் தலையிடுமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. கடனட்டையால் பந்தயம் கட்டுவதை அது 2020 ஏப்ரலில் தடைசெய்தது.