கழிவறை அடைப்பு

கழிவறை அடைப்பு என்பது கழிவறைக் கோப்பையிலிருந்து மலமும் நீரும் வெளியேறும் பாதையில் தடை ஏற்பட்டு, ஊற்றிய நீர் இறங்காமல் தேங்கி நிற்பதைக் குறிக்கும். தடையானது கோப்பையின் அடியிலுள்ள வளைகுழாயிலோ, வீட்டுக் கழிவுக் குழாயிலோ, அக்குழாய் சென்று சேரும் மலத்தொட்டியிலோ ஏற்படலாம். அடைப்பு உள்ள இடத்தைப் பொறுத்தே அதனை நீக்கும் முறையும் வேறுபடும். முதல் இரண்டையும் பெரும்பாலும் வீட்டிலுள்ளோரே சரி செய்யலாம். மூன்றாவது உயிருக்கு ஆபத்தானது. அதற்கு இயந்திரமே பயன்படுத்தப்பட வேண்டும்.

அமைப்பு

கோப்பையின் அடியில் வளைந்த குழாய் ஒன்று உள்ளது. இதன் வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி, குழாயிலிருந்து துர்நாற்றமும் வளிமங்களும் வீட்டுக்குள் வராமல் தடுக்கும். இது நீரடைப்பு எனப்படும். இசுக்காட்லாந்தைச் சேர்ந்த கடிகார வல்லுநர் அலெக்சாண்டர் கம்மிங் 1775 ஆம் ஆண்டில் இவ்வகை வளைகுழாயுடன் கூடிய கழிவறைக்குக் காப்புரிமை பெற்றார்.

நாற்றத்தைத் தடுக்கும் இவ்வளைவே அடைப்பு மிகுதியாக ஏற்படும் இடமாகவும் உள்ளது. ஊரகப் பகுதிகளில் அமைக்கப்படும், வாளி நீர் ஊற்றும் கோப்பைகளில் நீரடைப்பின் ஆழம் 20 மில்லிமீட்டர் மட்டுமே. கோப்பையின் சரிவும் அதிகம். இதனால் 1.5 முதல் 2 லிட்டர் நீரே மலத்தைத் தள்ளப் போதுமானது. மேற்கத்திய வகைக் கோப்பைகளில் நீரடைப்பு ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் ஆழமுடையது.

காரணங்கள்

* மாதவிடாய் அணையாடை, குழந்தை அணையாடை, ஈரத்தாள், துணி ஆகியவை. அணையாடைகளில் உள்ள உறிஞ்சுபொருள் நீரில் உப்பிப் பெருத்து, குழாயை முழுமையாக மூடிவிடும்.
* தேங்காய் நார், முடி, சோப்புத் துண்டு, நெகிழிப் பை, தூரிகையின் உடைந்த பகுதி.
* மணல், சாம்பல். இவை குழாயின் அடியில் படிந்து இறுகும்.
* உப்புப் படிவு. கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் குழாயின் உட்சுவரில் படிந்து விட்டத்தைக் குறைக்கும்.
* போதிய நீர் ஊற்றாமை.
* காற்றுக்குழாய் அடைபடுதல், குழாயின் சரிவு குறைதல், மலத்தொட்டி நிரம்புதல்.

வறண்ட கரிசல் நிலத்தில்

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் உள்ள மல்லாங்கிணறு பேரூராட்சியும், அதனைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களும் மழையை நம்பிய வறண்ட நிலப்பகுதியாகும். இத்தகைய பகுதிகளில் இரு சூழல்கள் அடைப்புக்குத் துணைபுரிகின்றன.

முதலாவது நீர்ப் பற்றாக்குறை. குடங்களில் பிடித்து வைத்த நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வீடுகளில், கழிவறைக்குப் போதிய நீர் கிடைப்பதில்லை. மலம் வளைவைக் கடந்தாலும் குழாயின் நடுவே தங்கிக் காய்ந்து, பின்வருவதையும் தடுக்கிறது. குளித்த நீரையோ துணி அலசிய நீரையோ சேமித்து ஊற்றுவதன் மூலம் இதனைத் தவிர்க்கலாம். 

இரண்டாவது கரிசல் மண். இம்மண் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கி வெடிக்கும். இந்த அசைவினால் ஆழமின்றிப் புதைத்த குழாய்களின் இணைப்பு விலகக்கூடும். மேலும் ஈரமான கரிசல் மண் நீரை மிக மெதுவாகவே உறிஞ்சும். எனவே அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், உறை இறக்கிய உறிஞ்சுகுழிகள் நிரம்பிக் கழிவறையில் நீர் எதிர்த்து வரலாம். இதனைக் குறைக்க, கரிசல் நிலத்தில் குழியின் வெளிப்புறத்தைச் சுற்றி 300 மில்லிமீட்டர் அளவிற்கு மணலும் சரளையும் இட்டு நிரப்புவது பரிந்துரைக்கப்படுகிறது.

அடைப்பின் இடத்தை அறிதல்

* ஒரு கோப்பையில் மட்டும் நீர் தேங்கி, குளியலறை வடிகால் இயல்பாக இறங்கினால், அடைப்பு பெரும்பாலும் அக்கோப்பையின் வளைகுழாயில் உள்ளது.
* கழிவறையில் நீர் ஊற்றும்போது அதே குழாயில் இணைந்துள்ள மற்றொரு வடிகாலில் நீர் மேலேறினால், அடைப்பு பொதுக் குழாயில் உள்ளது.
* வீட்டுக்கு வெளியே உள்ள ஆய்வுத்தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும்போது அது காலியாக இருந்தால், அடைப்பு அதற்கு முன்பும், நிரம்பியிருந்தால் அதற்குப் பின்பும் உள்ளது.
* நீர் இறங்கும்போது குமிழிட்டு ஒலி எழுந்தால் காற்றுக்குழாயைப் பார்க்க வேண்டும்.

நீக்கும் முறைகள்

முதலில் மேலும் நீர் ஊற்றுவதை நிறுத்தி, தேங்கிய நீர் சற்று இறங்கக் காத்திருக்க வேண்டும். இரப்பர் கையுறை அணிவது அவசியம்.

அழுத்துகோல்: பிளஞ்சர் எனப்படும் இரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலே முதன்மைக் கருவி ஆகும். கிண்ணம் நீரில் முழுமையாக மூழ்கி, துளையைக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். முதல் அழுத்தம் மெதுவாகவும், பின்னர் 15 முதல் 20 முறை விரைவாகவும் அழுத்தி இழுக்க வேண்டும். தள்ளுவதைப் போலவே இழுப்பதும் அடைப்பைத் தளர்த்தும். இக்கருவி இல்லாத வீடுகளில், கம்பின் நுனியில் துணியை உருண்டையாக இறுகக் கட்டி, இந்திய வகைக் கோப்பையில் இதே முறையில் பயன்படுத்தலாம்.

சோப்பு நீர்: மலமும் கொழுப்பும் இறுகிய அடைப்பிற்குச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரை ஊற்றி அரை மணி நேரம் விடலாம். கொதிநீர் பீங்கானில் விரிசல் ஏற்படுத்தக்கூடும். கை தாங்கும் சூடே போதுமானது.

சுருள்கம்பி: வளையும் தன்மையுள்ள சுருள்கம்பியைச் செலுத்தித் திருகினால், துணி போன்றவை அதன் நுனியில் சிக்கி வெளியே வரும். இரும்புக் கடப்பாறையால் குத்துவது வளைகுழாயை உடைத்துவிடும். விழுந்த பொருள் திடமானது எனத் தெரிந்தால் அதனை உள்ளே தள்ளாமல், கொக்கியிட்டு எடுக்க வேண்டும்.

பொதுக் குழாயில் அடைப்பு இருந்தால், ஆய்வுத்தொட்டியின் அருகே வெளியில் நின்றவாறே நீண்ட மூங்கில் தப்பையையோ வளையும் கம்பியையோ செலுத்திக் குத்தலாம்.

வேதிப்பொருள்கள்

ஐதரோகுளோரிக் அமிலம் கலந்த கழிவறைத் தூய்மி உப்புப் படிவைக் கரைக்கும். துணியையோ அணையாடையையோ கரைக்காது. காசுட்டிக் சோடா கொழுப்பையும் முடியையும் கரைக்கும். ஆனால் நீருடன் சேரும்போது மிகுந்த வெப்பத்தை வெளியிடும். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டாலும் குளோரின் என்னும் நச்சு வளிமம் உண்டாகும். காற்றோட்டமில்லாத சிறிய கழிவறையில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். வேதிப்பொருள் ஊற்றிய கோப்பையில் அழுத்துகோலைப் பயன்படுத்தினால் அது கண்ணில் தெறிக்கக்கூடும்.

மலத்தொட்டி நிரம்பியிருந்தால்

செப்டிக் டேங்க் எனப்படும் மலத்தொட்டியைப் பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். இதன் உள்ளே ஐதரசன் சல்பைடு, மீத்தேன் ஆகியவை உருவாகின்றன. ஐதரசன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் உடையது. அளவு மிகுந்தால் மூக்கு உணர்விழந்து நாற்றமே தெரியாமல் போகும்; சில நொடிகளில் மயக்கம் ஏற்படும். மீத்தேன் தீப்பற்றக்கூடியது. ஆகையால் மூடியைத் திறந்து தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும், உள்ளே இறங்குவதும் கூடாது. மயங்கியவரை மீட்க இறங்கியவரும் உயிரிழப்பது இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. அந்நிலையில் இறங்காமல், தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணிலும் அவசர ஊர்தியை 108 என்ற எண்ணிலும் அழைக்க வேண்டும்.

இந்தியாவில் 2013 ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான சட்டம், பாதாளச் சாக்கடையையோ மலத்தொட்டியையோ ஆபத்தான முறையில் தூய்மை செய்ய எவரையும் அமர்த்துவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்திற்கு 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இத்தகைய இறப்புகளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014 இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. எனவே தொட்டியைக் காலி செய்யக் கழிவுநீர் உறிஞ்சும் ஊர்தியையே வரவழைக்க வேண்டும்.

இரட்டைக் குழிக் கழிவறையில் இத்தேவை எழுவதில்லை. சுலப் அமைப்பை 1970 இல் தொடங்கிய பிந்தேசுவர் பாடக் இம்முறையை இந்தியாவில் பரப்பினார். ஒரு குழி நிரம்பியதும், இணைப்புத்தொட்டியில் அதன் வழியை அடைத்து மற்றொரு குழிக்குத் திருப்பிவிட்டால் போதும். மூடிய குழியிலுள்ள மலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் மட்கி, நாற்றமற்ற உரமாகிவிடும்.

தடுப்பு முறைகள்

கழிவறையில் மூடியுள்ள குப்பைக்கூடை வைத்தல், அணையாடைகளைத் தாளில் சுற்றி அதில் இடுதல், பாத்திரம் துலக்கிய நாரையும் சாம்பலையும் கோப்பையில் கொட்டாதிருத்தல், ஒவ்வொரு முறையும் போதிய நீர் ஊற்றுதல், காற்றுக்குழாயின் மேல்முனையில் வலை பொருத்துதல், உப்புப் படிவு இறுகும் முன் தேய்த்து அகற்றுதல் ஆகியவை அடைப்பைத் தவிர்க்க உதவும்.