நிலவு மறைக்கும் விண்மீன்

திருவிழா நாள்களில் ஆலய வளாகத்தில் கூடும் நாம், ஒரு மாலைப் பொழுது வானத்தை அண்ணாந்து நோக்குவதற்கெனவும் கூடலாம் அன்றோ! வளர்பிறை நிலவு தன் வழியில் நிற்கும் விண்மீன் ஒன்றை மறைப்பதை ஊராரோடு சேர்ந்து காணும் மாலையொன்றை நம் பங்கில் நடத்த எண்ணுகிறோம். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் காட்சிக்கு இத்தனை ஏற்பாடா எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு வரலாறு விடை பகர்கிறது.

நிலவு, விண்மீன்களுக்கிடையே மேற்கிலிருந்து கிழக்காக, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழத் தன் விட்டத்தளவு நகர்கிறது. மிகுந்த ஒளியுடைய விண்மீன்களுள் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கையே அது மறைக்க இயலும். வளர்பிறையில் இருண்ட விளிம்பு முன்செல்கிறது. நிலவைச் சூழ்ந்து நம்முடையதைப் போன்ற காற்று மண்டலம் இல்லாமையால், விண்மீன் சிறிது சிறிதாக மங்குவதில்லை; ஊதி அணைத்த விளக்கைப் போலச் சட்டென மறைகிறது.

கி.மு. 294இல் அலெக்சாந்திரியாவில் திமோக்காரிஸ் என்பவர், நிலவின் விளிம்பு சித்திரை விண்மீனைத் தொட்டதைக் கண்டு எழுதி வைத்தார். கி.பி. 98இல் உரோமையில் மெனலாஸ் என்பவர், அதே விண்மீன் நிலவால் மறைக்கப்பட்டதைப் பதிவு செய்தார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 390 ஆண்டுகள். பின்னர் வந்த தாலமி இவ்விரு பதிவுகளையும் ஒப்பிட்டு, விண்மீன்களின் இருப்பிடம் நூற்றாண்டுக்கு ஒரு பாகை நகர்வதாகக் கணித்தார். 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்பதே இன்று நாம் அறிந்த அளவு. எனினும் நகர்வு உண்டென்பது உறுதிப்பட்டது.

509ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று ஏதென்சு நகரில், நிலவு ரோகிணியை மறைத்த செய்தி குறிக்கப்பட்டது. 1718இல் எட்மண்டு ஹாலி, அசையாதவை எனக் கருதப்பட்ட விண்மீன்களுக்கும் தத்தமக்குரிய இயக்கம் உண்டென அறிவித்தபோது, காட்டிய சான்றுகளுள் அந்தப் பழங்குறிப்பும் ஒன்று. 1209 ஆண்டுகள் காத்திருந்த சாட்சியம் அது!

1497ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று பொலோஞா நகரில், திருச்சபைச் சட்டம் பயின்ற 24 வயது மாணவர் ஒருவர் அதே ரோகிணி மறைவதைக் கண்டார். அவரே கோப்பர்நிக்கஸ், பின்னாளில் ஃபிராவென்பர்க் பேராலயக் குழுமத்தில் பணியாற்றியவர். தாலமியின் கணக்குப்படி அரைநிலவு, சில வேளைகளில் முழுநிலவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகத் தோன்ற வேண்டும். கண்ணுக்கோ அவ்வாறு தோன்றுவதில்லை. நிலவைப் பற்றிய தம் புதிய கணக்குக்குச் சான்றாக, 1543இல் வெளிவந்த தம் நூலில் அம்மாலைக் காட்சியை அவர் சேர்த்தார். அந்நூலைத் திருச்சபை 1616இல் திருத்தப்படும்வரை தடைசெய்தது என்பதையும், 1835இல் வெளிவந்த தடைநூல் பட்டியலில் அது இடம்பெறவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. கண்டதை உள்ளபடி சொன்ன சாட்சியம் தடையைக் கடந்து நின்றது.

திமோக்காரிசும் மெனலாசும் தாம் எழுதியது எவருக்குப் பயன்படும் என அறிந்திலர். இடத்தையும் நேரத்தையும் பிறழாது குறித்தனர், அவ்வளவே. நம் விசுவாசமும் இவ்வாறே, கண்டவர்கள் பிறழாது கூறிய சாட்சியத்தால் தலைமுறை தலைமுறையாக நம்மை வந்தடைந்ததன்றோ! தான் விதைத்ததன் விளைச்சலைக் காணாமலே உண்மையாயிருப்பது சாட்சியின் அழைத்தல்.

ஆகவே அம்மாலையை வெறும் வேடிக்கையாக்காமல் திட்டமிடுவோம். நிலவு நமக்கு அருகில், சராசரி 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், காண்பவரின் இடத்திற்கேற்ப மறையும் நேரமும் மாறும். சென்னைக்குக் கணித்த நேரம் கன்னியாகுமரிக்குப் பொருந்தாது. நம் ஊருக்குரிய நேரத்தையே பெறவேண்டும். மாலைத் திருப்பலிக்குப்பின் வளாக விளக்குகளை அணைப்போம். முதியோருக்கு நாற்காலிகள் இடுவோம். சமய வேறுபாடின்றி அண்டை வீட்டாரை அழைப்போம். தொலைநோக்கியை முதலில் சிறுவர்க்கு விடுவோம். மறைக்கல்வி மாணவர் ஒருவர் கடிகாரத்துடன் அமர்ந்து, விண்மீன் மறைந்த நொடியையும் மீண்டும் தோன்றிய நொடியையும் குறிக்கட்டும். மேகம் மூடினால், மேகம் மூடியது என்றே எழுதட்டும். அதுவும் உண்மையே.