தீக்கு முன்னால் இருந்த வயல்

போன மாதத்தோடு ஷூட்டிங் முடிந்தது. நாங்கள் மூன்று பேர், மூன்று பேருமே ஐடி. சனி ஞாயிறுகளில் கீழத்தஞ்சைப் பக்கம் போய் எடுத்த படம். இப்போது ஹார்ட் டிஸ்கில் 26 மணி நேரம் கிடக்கிறது. அதை ஒரு மணி நேரமாக்க வேண்டும். என்ஜினியரிங் புத்தி, முதலில் எக்ஸெல் ஷீட்தான் போட்டேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்: எங்கே தொடங்குவது?

கீழவெண்மணி என்றால் எல்லாருக்கும் தெரிந்தது ஒரே இரவுதான். 1968 டிசம்பர் 25. ராமய்யாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயரே ‘ராமய்யாவின் குடிசை’. அப்போது சம்பவம் நடந்து 37 வருஷம். தப்பியவர்கள் பேச இருந்தார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கே இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

அதனால் தீயிலிருந்து தொடங்க வேண்டாம், நெல்லிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி. 1960களின் தொடக்கத்தில் தீவிர விவசாயத் திட்டம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்தது. (வெண்மணி அப்போது அந்த ஜில்லாதான். நாகப்பட்டினம் பிரிந்தது 1991இல்.) பிறகு உரம், ஆடுதுறை 27 என்ற குறுவை ரகம். விளைச்சல் ஏறியது. அறுத்தவர்களின் கூலி அப்படி ஏறவில்லை. கூடுதல் நெல் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து, வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். தீக்குச்சிக்கு முன்னால் இவ்வளவும் இருக்கிறது.

பிறகு கோர்ட். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் ஒரு வாதம். இதைத் திரையில் வெறும் எழுத்தாகப் போடப் போகிறோம். பின்னணி இசை போட்டால் அடிதான் என்று எடிட் செய்யும் நண்பனிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் சண்டை வேறிடத்தில். ஒரு பாட்டி நாற்பது நிமிஷம் நாற்று பறிப்பதைப் பற்றியே பேசுகிறார். “தம்பி, முடிய இப்புடிப் புடிக்கணும்” என்று துண்டைச் சுருட்டிக் காட்டுகிறார். அந்த ராத்திரியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “இதுல விஷயமே இல்லடா, தூக்கிரலாம்” என்கிறான் நண்பன். எனக்கோ அந்தக் கையில்தான் முழுக் கூலிக் கணக்கும் இருப்பதாகப் படுகிறது.

நேற்றிரவு அந்த ஷாட்டை டைம்லைனின் தொடக்கத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் கடைசிக்கு நகர்த்தியிருக்கிறான். தூக்கவில்லை. சனிக்கிழமை உட்கார்ந்து பேசுகிறோம்.