ஒருவனுக்கு ஒருத்தியும் ஓரியூர்ச் செம்மண்ணும்

எங்கள் சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் நடக்கும் கிறிஸ்தவத் திருமணங்களுக்குப் போயிருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பெரும்பாலும் வாசிப்பார்கள். மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு புன்சிரிப்பு எழும். கணவன் தன் மனைவிக்காக உயிரையே கொடுக்கும் அளவுக்கு அன்பு செய்ய வேண்டும் என்று அடுத்து வருவதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை! இருவரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்லும் 21-ஆம் வசனத்தோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும் என்று போப் இரண்டாம் ஜான் பால் 1988-இல் எழுதினார். அதற்குள் பத்தொன்பது நூற்றாண்டுகள் போய்விட்டன.

சரி, இந்தப் போதனை நம் மதுரைச் சீமைக்கு வந்தபோது என்ன நடந்தது? ஒரு கொலையே நடந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1606-இல் ராபர்ட் டி நொபிலி தொடங்கிய மதுரை மிஷனின் சேசு சபைக் குருக்கள் உடையிலும் உணவிலும் நாட்டு வழக்கத்தோடு எவ்வளவோ ஒத்துப்போனார்கள். காவி உடுத்தினார்கள், புலால் உண்ணவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் இறங்கி வரவில்லை. ஒருவனுக்கு ஒரே மனைவி என்பதுதான் அது. திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இலேயே இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் பல மனைவியர் உள்ளவன் ஞானஸ்நானம் கேட்டால் என்ன செய்வது? போப் மூன்றாம் பவுல் 1537-இல் இதற்கு வழி சொல்லியிருந்தார்: முதல் மனைவியை வைத்துக்கொள்ள வேண்டும், முதலில் மணந்தது யாரை என்று நினைவில்லையென்றால் ஒருத்தியைத் தேர்ந்துகொள்ளலாம். (நினைவில்லாமல் போகுமா என்று கேட்காதீர்கள், எழுதியே வைத்திருக்கிறார்கள்!) தன்னோடு ஞானஸ்நானம் பெறும் மனைவியை வைத்துக்கொள்ளலாம் என்று 1571-இல் ஐந்தாம் பயஸ் சலுகை தந்தார். மற்ற மனைவியர் எங்கே போவார்கள் என்பது பெரிய கேள்வியாக எழவில்லை.

இனி மறவர் சீமைக்கு வருவோம். அருளானந்தர் என்று தமிழ் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடும் சித்திரவதைக்கு ஆளாகி, ஊரைவிட்டே போகச் சொல்லி விடுவிக்கப்பட்டவர். ஐரோப்பா சென்ற அவர் 1690-இல் மீண்டும் இங்கேயே திரும்பி வந்தார். அந்தச் சமயத்தில் தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் வந்து செபித்தபின் அவர் குணமடைந்தார், உடனே ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்வதானால்தான் முடியும் என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். தடியத்தேவர் தயங்கவில்லை. மனைவியரை அழைத்துத் தன் முடிவைத் தெரிவித்தார். மற்றவர்களை உடன்பிறந்தவர்களைப் போலப் பராமரிப்பதாக அவர் சொன்னார் என்று சேசு சபையினர் எழுதிய வரலாறுகள் கூறுகின்றன. 1693 ஜனவரி 6 அன்று ஞானஸ்நானம் நடந்தது.

அனுப்பப்பட்டவர்களில் இளையவர் சேதுபதி குடும்பத்துப் பெண். அவர் நேராக ராமநாதபுரம் போய் கிழவன் சேதுபதியிடம் முறையிட்டார். இரண்டே நாளில், ஜனவரி 8 அன்று, அருளானந்தர் கைது செய்யப்பட்டார். பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அங்குள்ள செம்மண்ணை இன்றும் பக்தர்கள் எடுத்துச் செல்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்ணைப் பழிவாங்கத் துடித்த பொல்லாதவளாகவே காட்டுவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அக்காலப் பாளையங்களில் பெண் கொடுப்பது என்பது இரண்டு குடும்பங்களுக்கு இடையே செய்துகொள்ளும் உடன்படிக்கை. தடியத்தேவரோ ராமநாதபுரம் அரியணைக்கே உரிமை கோரக்கூடிய நிலையில் இருந்தவர். அப்படிப்பட்டவர் சேதுபதி வீட்டுப் பெண்ணை வேண்டாம் என்று சொன்னால் அது அரசியலாகத்தானே பார்க்கப்படும்? அந்தப் பெண்ணுக்கோ ஒரே நாளில் கணவனும் போனான், வீட்டில் இருந்த மதிப்பும் போனது. அவர் செய்த தவறு என்ன? மணமக்கள் இருவரின் சம்மதத்தால்தான் திருமணம் உண்டாகிறது என்று போதிக்கும் திருச்சபை, இந்தப் பிரிவுக்கு அவருடைய சம்மதத்தைக் கேட்கவில்லை.

அதற்காகப் பழைய வழக்கம் பெண்களுக்குச் சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அதே கிழவன் சேதுபதி 1710-இல் இறந்தபோது அவருடைய 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக சேசு சபைக் கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. நாற்பத்தேழு பேர்! இதைப் படித்தபின் ஒரே மனைவி என்ற விதியை வெள்ளைக்காரர் வழக்கம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. விதி நல்லதுதான். ஆனால் அதை ஆணிடம் மட்டுமே பேசினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பின்னாளில் வந்த அரசாங்கச் சட்டமும் இப்படித்தான் இருந்தது. 1869-ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவியின் பிறர்மனைத் தொடர்பு ஒன்றைக் காட்டினாலே கிறிஸ்தவக் கணவன் விவாகரத்து பெறலாம். மனைவி கேட்டாலோ அது போதாது, கூடவே கொடுமை, கைவிட்டுப் போனது போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001-இல்தான் திருத்தப்பட்டது.

திருச்சபையின் சட்டத்தில் நான் தேடியது கடைசியில் 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் கிடைத்தது. பல மனைவியர் உள்ளவர் ஞானஸ்நானம் பெறுவது பற்றிய 1148-ஆவது விதி அது. முதல் மனைவிக்கும் அனுப்பப்படும் மற்ற மனைவியருக்கும் வேண்டியவை நீதிப்படி கிடைக்கின்றனவா என்று ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தத் தொகுப்பு வெளிவந்தபோது ஓரியூர்க் கொலை நடந்து 290 ஆண்டுகள் ஆகியிருந்தன.